வாக்ரியும் ரோமாவும்: பிறர் வைத்த பெயர்கள்

படப்பை கடைத்தெருவிலும் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்திலும் பாசிமணி, ஊசி, சீப்பு விற்கும் பெண்களைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். வாங்க வருகிறவரிடம் "சாமி" என்று தமிழில் விலை சொல்வார்கள். அடுத்த நொடி, பக்கத்தில் விளையாடும் பிள்ளையை வேறொரு மொழியில் கூப்பிடுவார்கள். ஒரகடம் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பீகார் இளைஞருக்கு அந்த மொழி அங்கங்கே பிடிபடும். படப்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. தலைமுறை தலைமுறையாக நம் தெருவில் நடமாடும் மக்களின் வீட்டு மொழிக்குப் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது.

அந்த மொழியின் பெயர் வாக்ரிபோலி. பேசுகிறவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் வாக்ரி. நாம் சொல்லும் பெயர் நரிக்குறவர்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு கூற்றும் வந்துவிடுகிறது: ஐரோப்பாவின் 'ஜிப்சி'கள் வேறு யாருமல்ல, இங்கிருந்து போன நம் நரிக்குறவர்களே. மேடைகளிலும் வார இதழ்களிலும் பலகாலமாகச் சொல்லப்படும் இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு? இரு மக்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஐரோப்பாவில் இன்று ஏறத்தாழ ஒரு கோடி ரோமா மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது கல்வெட்டோ அரண்மனை ஏடோ அல்ல, அவர்களுடைய பேச்சு. ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறிஞர் ரூடிகர், பார்பரா மகேலின் என்ற ரோமா பெண்ணைச் சில வாக்கியங்களைத் தன் மொழியில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவற்றை ஓர் இந்துஸ்தானி இலக்கண நூலோடு வைத்து ஒப்பிட்டு, 1782இல் தன் முடிவை வெளியிட்டார். அந்த இலக்கணத்தை எழுதியவர் தரங்கம்பாடியிலும் பிறகு சென்னையிலும் பணியாற்றிய பாதிரியார் பெஞ்சமின் ஷூல்ட்சே. ஐரோப்பாவில் முந்நூறு நானூறு ஆண்டுகளாக விடை தெரியாமல் கிடந்த ஒரு கேள்விக்குச் சென்னையில் வாழ்ந்த ஒருவரின் புத்தகம் கைகொடுத்தது என்பது இங்குள்ள வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அடுத்த ஆண்டே கிரெல்மன் என்ற அறிஞர் இதே கருத்தை விரிவான நூலாக எழுத, அது ஐரோப்பா முழுவதும் பரவியது.

இதே காலத்தில் இன்னொரு கதையும் உலவியது. ஹங்கேரி மாணவர் ஒருவர் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மலபாரிலிருந்து வந்த மூன்று மாணவர்களைச் சந்தித்தார்; அவர்களிடம் சேகரித்த சொற்களை ஊருக்குத் திரும்பி ரோமாக்களிடம் சொல்ல, அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்பது அந்தக் கதை. 1776இல் வியன்னா இதழ் ஒன்றில் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் நிற்காது. மலபார் என்று ஐரோப்பியர் அன்று சொன்னது மலையாளமும் தமிழும் பேசும் பகுதிகளை. அந்தத் திராவிட மொழிகள் ஒரு ரோமாவுக்குப் புரிந்திருக்க வழியில்லை.

ரோமானி மொழியில் எண்களைச் சொல்லிப் பார்த்தாலே வழித்தடம் தெரிகிறது. யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என்று ஆறு வரை இந்தியச் சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு எஃப்தா, ஓக்தோ, என்யா என்று கிரேக்கச் சொற்கள். பத்து மறுபடியும் இந்தியச் சொல்லான தேஷ். தண்ணீர் அவர்களுக்குப் பானி, மனிதன் மனுஷ். அதிர்ஷ்டத்துக்கு உள்ள சொல் பாரசீகம், குதிரைக்கு உள்ள சொல் ஆர்மீனியம், சாலைக்கு உள்ள சொல் கிரேக்கம். இந்தியாவை விட்டு ஈரான் பக்கமாக ஆர்மீனியா போய், கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் தங்கி, பிறகு ஐரோப்பாவுக்குள் நுழைந்தார்கள் என்று இந்தக் கடன் சொற்களை அடுக்கிக் காட்டியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மொழியறிஞர் மிக்லோசிச். அதற்கு முந்தைய பயணத்தை 1926இல் மொழியறிஞர் ரால்ஃப் டர்னர் ஆராய்ந்தார். இம்மக்களின் மொழி முதலில் நடு இந்திய மொழிகளோடு சேர்ந்து வளர்ந்தது, பிறகு வடமேற்கில் சில காலம் இருந்தது என்பது அவர் முடிவு. 2012இல் வெளிவந்த மரபணு ஆய்வுகளும் வடமேற்கு இந்தியாவையே காட்டின. அவற்றில் ஒன்றில் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் பங்கேற்றார்கள். ரோமா ஆண்களிடம் பரவலாகக் காணப்படும் தந்தைவழி மரபுக் கூறு, வடமேற்கு இந்தியாவின் பட்டியல் சாதி, பழங்குடி மக்களோடு நெருக்கமாக இருப்பதை அந்த ஆய்வு காட்டியது.

வாக்ரிகளின் தடம் வேறு. வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான். ஆனால் அது குஜராத்தி, பீலி மொழிகளோடு சேரும் மொழி. ஜி. சீனிவாச வர்மா அதை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. குஜராத்தியிலும் மராத்தியிலும் ஆண்பால், பெண்பாலோடு மூன்றாவதாக ஒரு பாலும் இன்றுவரை உண்டு. ரோமானியில் இரண்டே பால். அதைப் பேசியவர்கள் குஜராத்தி வட்டாரத்திலிருந்து நேராகக் கிளம்பியவர்கள் அல்லர் என்பதற்கு இது ஒரு சான்று. வாக்ரிகளுக்குள் இருக்கும் பிரிவுப் பெயர்களும் அவர்களுடைய தடத்தைச் சொல்கின்றன. ஒன்று குஜராத்தோ, ஒன்று மேவாடோ, அதாவது ராஜஸ்தானின் மேவார். சவான், சோலங்கி போன்ற குலப்பெயர்கள் மேற்கு இந்தியா முழுக்கக் கேட்பவை.

ஆக, இரு மக்களுக்கும் மொழிக் குடும்பம் ஒன்று, புறப்பட்ட காலமும் திசையும் வேறு. பத்தாம் நூற்றாண்டையொட்டி ரோமாக்களின் முன்னோர் மேற்கே போனார்கள். அதற்கு வெகுகாலம் கழித்து வாக்ரிகள் தெற்கே வந்தார்கள். ரோமாக்கள் நரிக்குறவர்கள் அல்லர். நரிக்குறவர்கள் ரோமாக்களும் அல்லர். தூரத்து உறவு என்று சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் சான்று இல்லை.

அப்படியானால் இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ஏன்? இரு மக்களும் பிறருக்குத் தங்களைப் பற்றிச் சொன்ன கதையும், பிறர் அவர்களுக்கு வைத்த பெயரும் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகின்றன.

கதையை முதலில் பார்க்கலாம். 1417இல் ஜெர்மானிய நகரங்களின் வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. தாங்கள் 'சிற்றெகிப்து' நாட்டவர், செய்த பாவத்துக்குக் கழுவாயாக ஊர் ஊராகப் புனித யாத்திரை போகிறோம் என்றார்கள். பேரரசர் சிகிஸ்மண்டின் பாதுகாப்புக் கடிதத்தையும் காட்டினார்கள். 1422இல் போலோன்யா, 1427இல் பாரிஸ் என்று இதே கதையோடு அவர்கள் போனார்கள். அந்தக் கிறிஸ்தவ நாடுகளில் யாத்திரிகருக்குச் சோறும் இடமும் கொடுப்பது கடமை. பிழைக்க வழி தேடி வந்தவர்களுக்கு அந்தக் கதை நகரக் கதவைத் திறந்தது.

வாக்ரிகளின் கதை சிவாஜியின் படை. தாங்கள் சத்ரபதி சிவாஜியின் படையில் இருந்த வீரர்கள், மொகலாயரிடம் தோற்றபோது காட்டுக்குள் ஒளிந்தோம், அப்படியே தெற்கே வந்தோம் என்று முதியவர்கள் சொல்வது வழக்கம். சிவாஜி 1677இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததும், தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்ததும் வரலாறு. அந்தப் படைகளின் பின்னால் வேட்டை, மூலிகை, தோல் வேலை தெரிந்த பல கூட்டங்கள் வந்திருக்கவும் கூடும். ஆனால் வாக்ரிகளை அந்தப் படையோடு இணைக்கும் நேரடி ஆவணம் இல்லை. மொழியோ மராத்திக்கு அருகில் இல்லாமல் குஜராத்திக்கு அருகில் நிற்கிறது. ஆனாலும் அந்தக் கதையைப் பொய் என்று ஒதுக்குவது தவறு. தெருவில் கீழாகப் பார்க்கப்படும் ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லிவைக்கும் மரியாதை அதில் இருக்கிறது.

வந்த தடத்துக்குக் கதைகளைவிட உறுதியான சான்று ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும் சாமி மூட்டை. தெய்வத்துக்குரிய துணிகளையும் பூசைப் பொருள்களையும் கட்டிவைத்த மூட்டை அது. தந்தை வழியில் மகனுக்கு வரும். வேற்றார் தொடக் கூடாது. தங்கும் இடம் மாறினாலும் மூட்டை கூடவே போகும். ஜெர்மன் மானிடவியலாளர் லூகாஸ் வெர்த் தென்னிந்திய வாக்ரிகளைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் இந்தத் தெய்வங்களையே மையமாகக் கொண்டது. குஜராத்தில் வாழும் வாக்ரி மக்களும் தேவி வழிபாட்டினர். 'வாக்ரி' என்பது அங்கே வசைச் சொல்லாகிவிட்டதால் இப்போது அவர்கள் தங்களை 'தேவிபூஜக்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தப் பெயராக மதிக்கப்படுவது, பிறந்த மண்ணில் விலக்கப்பட்ட பெயராக இருக்கிறது. எந்தப் பெயர் நல்லது என்பதை வெளியிலிருந்து யாரும் தீர்மானித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி, பெயர். ரோமாக்களுக்குப் பைசாந்தியர் வைத்த பெயர் 'அத்சிங்கானோய்'. 'தொடாதவர்' என்று பொருள்படும் ஒரு பழைய சமயப் பிரிவின் பெயரை இந்த மக்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதிலிருந்து வந்தது ஜெர்மன் 'சிகாய்னர்'. எகிப்துக் கதையிலிருந்து ஆங்கில 'ஜிப்சி'யும் ஸ்பானிய 'கிதானோ'வும் வந்தன. அந்தச் சிகாய்னர் என்ற சொல்லின் முதல் எழுத்தைத்தான் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் இம்மக்களின் கையில் கைதி எண்ணோடு பச்சை குத்தினார்கள். 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு அந்த முகாமில் எஞ்சியிருந்த ரோமாக்கள் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த நாளை நினைவு நாளாக ஏற்க 2015 வரை ஆயிற்று.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ரோம். ஆர்மீனியாவில் லோம், மேற்கு ஆசியாவில் டோம் என்று உறவுக் குழுக்கள் இருக்கின்றன. மூன்றும் இந்தியாவின் 'டோம்' என்ற சாதிப் பெயரோடு சேரும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. 1971 ஏப்ரலில் லண்டன் அருகே ஆர்பிங்டனில் கூடிய முதல் உலக ரோமா மாநாடு, பிறர் வைத்த பெயர்களை விட்டு ரோமா என்ற பெயரை முன்வைத்தது. நீலமும் பச்சையுமான கொடியின் நடுவே சிவப்புச் சக்கரத்தை வைத்ததும் அங்கேதான். அந்த மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியர் டபிள்யூ. ஆர். ரிஷி, பிறகு சண்டிகரில் ரோமா ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஆனாலும் எல்லோரும் ஒரே பெயருக்கு வந்துவிடவில்லை. ஜெர்மனியில் சின்டி என்பவர்கள் தனியே நிற்கிறார்கள். பிரிட்டனில் ஜிப்சி என்ற பெயரைப் பெருமையோடு வைத்திருப்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் சிக்கலானது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இம்மக்களுக்கு உரிய தலைப்பு குருவிக்காரன். தெலுங்கர் நக்கலவாண்டுலு என்பார்கள், காட்டு மராட்டி என்றும் ஒரு பெயர் உண்டு, தமக்குள் வாகிரி என்று சொல்லிக்கொள்வார்கள் என்றும் அவர் பதிந்திருக்கிறார். தெலுங்கில் நக்க என்றால் நரி. கன்னடத்தில் ஹக்கிபிக்கி, ஹக்கி என்றால் பறவை. ஆக மூன்று மொழிக்காரர்களும் இவர்கள் எதைப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நரியைப் பிடித்தால் நரி, குருவியைப் பிடித்தால் குருவி. 'வாக்ரி' என்ற பெயரும் வலையைக் குறிக்கும் வாகுரா என்ற வடசொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானாலும் அது அவர்கள் தங்கள் வாயால் சொல்லும் பெயர்.

'குறவர்' எப்படி ஒட்டியது? சங்க இலக்கியத்தின் குறிஞ்சிக் குறவரும் வள்ளியின் குலமும் வேறு; வாக்ரிகள் வேறு. ஊர் சுற்றுவதும் வேட்டையும் ஒன்றாகத் தெரிந்ததால் தமிழர் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். அதன் விளைவு இன்றும் அரசு ஆவணங்களில் தெரிகிறது. தமிழ்நாட்டில் 'குறவன், சித்தனார்' பட்டியல் சாதி. மலைக்குறவன் பழங்குடி. குறவர்களின் வேறு பல பிரிவுகள் சீர்மரபினர். 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்த குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ்ப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்டவர்கள் இவர்கள். நரிக்குறவரோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். ஒரு சொல், நான்கு பட்டியல்கள். தங்கள் பெயரை நரிக்குறவர் எடுத்துக்கொள்வதாகக் குறவர் அமைப்புகள் ஆட்சேபிப்பதில் நியாயம் இருக்கிறது; ஆனால் அந்தப் பெயரை வாக்ரிகள் கேட்டு வாங்கவில்லை என்பதும் உண்மை. இலங்கையிலும் இதே குழப்பம் உண்டு. கிழக்கு மாகாணத் தமிழர் குறவர் என்றும் சிங்களர் அகிகுண்டிக என்றும் சொல்லும் மக்களின் வீட்டு மொழி தெலுங்கு.

ஜிப்சி என்ற சொல்லும் சுற்றி வந்து இங்கே சேர்ந்தது. மொழியறிஞர் கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வில், 1922இல் வெளியான பதினோராம் தொகுதிக்கு 'ஜிப்சி மொழிகள்' என்றே தலைப்பு. இந்திய நாடோடிகளின் பேச்சுகளை ஐரோப்பியச் சொல் ஒன்றின் கீழ் அடுக்கிய அந்தப் பெரும் பணியில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. தமிழ் மண்ணின் வாக்ரிபோலி அந்த வாய்ப்பையும் இழந்தது. நம் திரைப்படங்களும் தம் பங்கைச் செய்தன. 1968இல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேடத்தில் ஆடிய பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அந்த ஆடையும் பேச்சும்தான் இன்றுவரை பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி வரைக்கும் நீடிக்கின்றன. மாறுவேடத்தில் மகிழ்கிறவர்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு வாக்ரி குடும்பம் குடிவந்தால் ஏற்பார்களா?

1965இல் பி. என். லோகூர் தலைமையிலான குழு இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. தமிழக முதல்வர்கள் கட்சி வேறுபாடில்லாமல் டெல்லிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் திருத்த மசோதாவை நிறைவேற்ற, 2023 ஜனவரியில் அது சட்டமானது. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் முப்பத்தேழாவது பதிவு வந்தது: 'நரிக்குறவன், குருவிக்காரன்'. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் காத்துக் கிடைத்த உரிமை. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பழங்குடியினருக்கு மாநிலத்தில் இருக்கும் இட ஒதுக்கீடு ஒரே ஒரு சதவீதம். அதை இருளர், மலையாளி, காட்டுநாயக்கன் என்று ஏற்கெனவே பட்டியலில் உள்ள முப்பத்தாறு பிரிவுகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தப் பதிவில் இருக்கும் இரு பெயர்களும் பிறர் வைத்தவை. வாக்ரி என்ற பெயர் சட்டத்தில் இல்லை.

சட்டம் முன்பும் இவர்கள் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டையைக் குற்றமாக்கின. காட்டுயிர் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு மக்களின் முழுப் பிழைப்பையும் நிறுத்தியபோது மாற்றுத் தொழிலுக்கு அதே வேகத்தில் வழி செய்யவில்லை. அவர்களே வழி தேடினார்கள்: பாசி, ருத்திராட்சம், ஸ்படிகம், பலூன், பொம்மை, சபரிமலை சீசன், திருவண்ணாமலை தீபம் என்று ஆண்டு முழுதும் திருவிழாக்களின் பின்னே பயணம். கர்நாடகத்தின் ஹக்கிபிக்கிகள் மூலிகை எண்ணெய் விற்க ஆப்பிரிக்கா வரை போனார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அங்கே சிக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள். இந்திய அரசின் காவேரி மீட்பு நடவடிக்கையில் ஊர் திரும்பினார்கள்.

இங்கே அவமதிப்பு தீரவில்லை. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் இளம்பெண் ஒருவர் பேசிய காணொளி தமிழகம் முழுக்கப் பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளியன்று, முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். 2023 மார்ச்சில், பழங்குடிச் சட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், சென்னைத் திரையரங்கு ஒன்றில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்த காணொளி வந்தது. கண்டனம் எழுந்த பிறகே உள்ளே விட்டார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழக நிதிநிலை அறிக்கை, தோடர், கோத்தர், சோளகர், காணி மக்களோடு நரிக்குறவரின் மொழியையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. வாக்ரிபோலிக்குத் தனி எழுத்து இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதை வகுப்பில் பேசக் கூச்சப்படுகிறார்கள். எழுதப்படாத மொழிக்கு முதியவர்களின் நினைவுதான் ஏடு. ரோமாக்களின் பாதையைப் பத்து எண்களும் சில கடன் சொற்களும் காட்டிக்கொடுத்ததைப்போல, வாக்ரிகள் எந்த ஆற்றைக் கடந்து, எந்த ஊர்களில் தங்கி இங்கே வந்தார்கள் என்பதையும் அந்த மொழியில் கலந்திருக்கும் மராத்தி, தெலுங்கு, கன்னடச் சொற்கள் சொல்லும். உதகையிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையமும் பல்கலைக்கழக மொழியியல் துறைகளும் அந்தப் பணியில் வாக்ரி இளைஞர்களையே ஆய்வாளர்களாக அமர்த்த வேண்டும். சான்றிதழில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று அந்த மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பெயரையே அரசு அச்சிட வேண்டும். அதுவரை, படப்பையிலும் தாம்பரத்திலும் பாசிமணி வாங்குகிறவர்கள் விலை கேட்பதோடு அவர்கள் பெயரையும் கேட்கலாம்.